கப்பல் கரை சேர்ந்துவிட்டால்?

2001-ல் நான் ஒரு நாளிதழில் கத்துக்குட்டி நிருபர். நைட் ஷிஃப்ட். பதினொரு மணி சுமாருக்கு, திண்டிவனம் தாண்டி ஒரு பஸ் லாரியில் மோதிக் கவிழ்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பக்கத்தை அச்சுக்கு அனுப்ப இருபது நிமிஷம்தான் பாக்கி. அந்த ஏரியா நிருபரின் வீட்டு போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. விபத்து நடந்த இடத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்த ஒரு டீக்கடை இருந்தது. (அந்த நம்பரை எப்படிப் பிடித்தேன் என்பது தனிக்கதை.) கடைக்காரர் மூச்சு வாங்கப் பேசினார். "ஏழு பேரு சார். ரோட்டோரமா வரிசையா படுக்க வெச்சிருக்காங்க. இப்பதான் பாத்துட்டு வரேன்."

ஏழு பேர் பலி என்று போட்டேன். மறுநாள் மற்ற பேப்பர்களில் ஐந்து. மதியம் போலீஸ் கொடுத்த கணக்கு ஏழு. ஆசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். கேன்டீனில் எனக்கு யாரோ நெய் ரோஸ்ட் வாங்கித் தந்த ஞாபகம்.

நாலு நாள் கழித்து ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். நெற்றியிலும் இடது கையிலும் கட்டு. "ஏழுன்னு எழுதினது நீங்கதானா சார்?" என்றார். "ஆமாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அந்த ஏழுல ஒருத்தன் நான் சார்."

நடந்தது இதுதான். டீக்கடைக்காரர் பார்த்த வரிசையில் இறந்தவர்கள் ஐந்து பேர்தான். மற்ற இரண்டு பேருக்கு மயக்கம், உயிர் இருந்தது. இன்னும் இரண்டு பேர் பஸ்ஸுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தார்கள். அது அப்போது யாருக்கும் தெரியாது. நள்ளிரவுக்கு மேல் கிரேன் வந்து தூக்கிய பிறகுதான் பார்த்தார்கள். ஐந்தும் இரண்டும் ஏழு. நான் எழுதிய ஏழு வேறு ஏழு!

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இரவு பதினொரு மணிக்கு, ஏழு பேர் இறந்தது எனக்குத் 'தெரியுமா'? தெரியாதா?

இந்தக் கேள்வியை நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. இதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு மேல்நாட்டுத் தத்துவத் துறை ஐம்பது அறுபது வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டித் தத்துவப் பக்கம் ஒதுங்கியவன் இல்லை. சில வருஷங்கள் கழித்து மயிலாப்பூர் பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய ஒரு கட்டுரைத் தொகுப்பில், எட்மண்ட் கெட்டியர் எழுதிய மூன்றே பக்கக் கட்டுரை அகப்பட்டது. படித்ததும் அந்தக் கட்டுக்காரரின் முகம்தான் வந்து நின்றது.

கெட்டியர் (பெயரிலேயே கெட்டிக்காரர்) அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். எழுத்தில் நாட்டம் இல்லாதவர். 'ஏதாவது அச்சில் வந்தால்தான்யா வேலை நிலைக்கும்' என்று சக ஆசிரியர்கள் நச்சரித்ததால் எழுதினார் என்பார்கள். 1963-ல் 'அனாலிஸிஸ்' என்ற பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு அவர் அச்சில் பெரிதாக எதுவும் எழுதவில்லை. 2021-ல் காலமானார். மூன்று பக்கத்தில் பெயர் நிலைத்த ஆசாமி.

அவர் உடைத்தது ஒரு பழைய சூத்திரத்தை. ஒரு விஷயம் உங்களுக்குத் 'தெரியும்' என்றால் மூன்று அம்சங்கள் வேண்டும். அதை நீங்கள் நம்பவேண்டும். அது உண்மையாக இருக்கவேண்டும். நம்புவதற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும். பிளேட்டோவின் 'தியேட்டிடஸ்' உரையாடலிலேயே கிட்டத்தட்ட இந்த விளக்கத்தை எடுத்து அலசுகிறார்கள். சாக்ரடீஸ் திருப்தியில்லாமல்தான் எழுந்து போகிறார். ஆனாலும் பின்னால் வந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

கெட்டியர் சொன்ன கதை: ஸ்மித், ஜோன்ஸ் இருவரும் ஒரே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். ஜோன்ஸுக்குத்தான் வேலை என்று கம்பெனித் தலைவரே ஸ்மித்திடம் சொல்லிவிட்டார். ஜோன்ஸின் பாக்கெட்டில் பத்து நாணயங்கள் இருப்பதையும் ஸ்மித் எண்ணிப் பார்த்திருக்கிறான். ஆக, 'வேலை கிடைக்கப்போகிறவன் பாக்கெட்டில் பத்து நாணயம் இருக்கிறது' என்ற முடிவுக்கு வருகிறான். கடைசியில் வேலை கிடைத்தது ஸ்மித்துக்கே. அவனே அறியாமல் அவன் பாக்கெட்டிலும் பத்து நாணயம்! நம்பினான், காரணம் இருந்தது, உண்மையாகவும் ஆயிற்று. ஆனாலும் அவனுக்கு அது தெரியும் என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

இதில் கெட்டியருக்கு முன்னோடிகள் உண்டு. நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து ஒருவன் மணி சொல்கிறான், தற்செயலாக அதே நேரம்தான் என்ற உதாரணத்தை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948-ல் எழுதிய புத்தகத்தில் கொடுத்துவிட்டார். அதற்கெல்லாம் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே, எட்டாம் நூற்றாண்டில், பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மோத்தரர் இதைத் தொட்டிருக்கிறார். பாலைவனத்தில் தாகத்தோடு போகிறவன் கானல்நீரைப் பார்த்து ஓடுகிறான். அங்கே போனால் பாறைக்கு அடியில் நிஜமாகவே தண்ணீர்! அவருடைய இன்னொரு உதாரணத்தில் கறி சமைக்க நெருப்பு மூட்டியாயிற்று, புகை இன்னும் கிளம்பவில்லை. கறி வாசனைக்கு மொய்த்த பூச்சிக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவன், புகை என்று எண்ணி 'அங்கே நெருப்பு இருக்கிறது' என்கிறான். இருக்கத்தான் இருக்கிறது. புகையும் நெருப்பும் நம் மணிமேகலையின் 29-ம் காதையிலேயே வருகிற உதாரணம். அறவண அடிகள் அங்கே எது சரியான காரணம், எது போலிக் காரணம் என்று பட்டியலே போடுகிறார். அந்தக் காதையைப் பள்ளியில் யாரும் நடத்துவதில்லை. காயசண்டிகையோடு மணி அடித்துவிடும்.

கெட்டியரின் கட்டுரையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எழுத்தைப் பொறுத்தவரை ஒன்றும் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லி, இரண்டு உதாரணம் கொடுத்து, எழுந்து போய்விடுகிறார். நம் ஊர் ஆய்வுக் கட்டுரைக்காரர்கள் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். வம்பு அதற்கப்புறம் வந்தது. 'இடையில் பொய்யான படி எதுவும் இருக்கக்கூடாது' என்று ஒருவர் ஓட்டையை அடைத்தார். 'உண்மைக்கும் நம்பிக்கைக்கும் காரண காரியத் தொடர்பு வேண்டும்' என்று இன்னொருவர். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு புது ஓட்டை. 1976-ல் ஆல்வின் கோல்ட்மன் ஒரு உதாரணம் தந்தார். முகப்பு மட்டும் கட்டிய பொம்மைக் களஞ்சியங்கள் நிறைந்த ஊரில் ஒருவன் காரில் போகிறான். அவன் தற்செயலாகப் பார்த்தது மட்டும் நிஜக் களஞ்சியம். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? அடுத்தவர் இன்னொரு கதையோடு வருவார். இப்படியே அலமாரி அலமாரியாக.

2001-ல் ஒரு கூத்து. அமெரிக்காவில் வைன்பெர்க், நிக்கல்ஸ், ஸ்டிச் என்ற மூவர் இந்த மாதிரிக் கதைகளைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். மேல்நாட்டுப் பின்னணி மாணவர்களில் பெரும்பாலோர் 'தெரியாது' என்றார்கள். இந்தியத் துணைக்கண்டத்துப் பின்னணி மாணவர்களில் பெரும்பாலோர் 'தெரியும்' என்றார்களாம். அதாவது, விடை சரியாக வந்தால் சரி, வழி எப்படி இருந்தால் என்ன என்கிற கட்சி! படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் தென்படவில்லை. 2017-ல் வெளியான ஆய்வு இந்தியா, ஜப்பான், பிரேஸில், அமெரிக்கா நாலிலும் நடந்தது. எங்கேயும் ஜனங்கள் கெட்டியர் பக்கமே சாய்ந்தார்கள். நம் மானம் பிழைத்தது.

எனக்கு இந்தக் கூட்டத்தோடு ஒரு சண்டை உண்டு. கெட்டியரின் கதைகளில் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. பத்து நாணயம் இருந்தால் என்ன, பதினொன்று இருந்தால் என்ன? அதோடு, 'ஸ்மித்துக்குத் தெரியாது' என்ற தீர்ப்பை எழுத, மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிற ஒரு கதைசொல்லி வேண்டும். ஸ்மித்தால் அந்தத் தீர்ப்பை அப்போது எழுத முடியாது. பதினொரு மணிக்கு டெஸ்க்கில் உட்கார்ந்திருந்த என்னாலும் முடியாது. உண்மை எது என்று பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில், அந்த நாற்காலியில் இருந்தபடியே கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்வி ஏதாவது உண்டா?

உண்டு. கெட்டியருக்கு 86 வருஷம் முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார்.

வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட். லண்டன் யுனிவர்சிடி காலேஜில் கணிதப் பேராசிரியர். இன்றைக்கும் அவர் பெயரில் ஓர் அல்ஜீப்ரா இருக்கிறது. 1877-ல் 'நம்பிக்கையின் அறம்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆரம்பமே ஒரு கப்பல்காரன் கதை. குடியேறப் போகிற குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அவனுடைய கப்பல் கிளம்ப இருக்கிறது. பழைய கப்பல். பலமுறை பழுது பார்த்தது. அவனுக்கே உள்ளூர உதைக்கிறது. கழற்றிச் சரி பார்க்கலாம்தான், ஆனால் செலவு. 'எத்தனையோ புயலைப் பார்த்த கப்பல், இதையும் தாங்கும், கடவுள் இருக்கிறார்' என்று தன்னைத் தானே தேற்றித் தேற்றி, கடைசியில் மனப்பூர்வமாகவே நம்ப ஆரம்பித்துவிடுகிறான். வழியனுப்புகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறான்.

அவன் குற்றவாளி என்பதற்குப் பேராசிரியர் தேவையில்லை. கிளிஃபோர்டின் அடி அதற்கு அடுத்த பாராவில் விழுகிறது. கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போதும் அவன் குற்றம் துளிகூடக் குறையாது என்கிறார். மாட்டிக்கொண்டிருக்க மாட்டான், அவ்வளவுதான். அவன் நம்பியது சரியா தப்பா என்பது கேள்வியே இல்லை. நம்புவதற்கு அவனுக்கு உரிமை இருந்ததா என்பதே கேள்வி.

'நம்பர் சரிதானே சார்?' அன்றைக்கு அந்தக் கட்டுக்காரரிடம் நான் சொன்ன பதில் இதுதான். கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று சொல்லியிருக்கிறேன்.

கிளிஃபோர்டுக்குக் கப்பல் வெறும் உதாரணம் இல்லை. 1870-ல் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவில் அவரும் இருந்தார். சிசிலி கரையோரம் அவர்கள் கப்பல் பாறையில் மோதியது. உயிர் தப்பியவர். அது சவப்பெட்டிக் கப்பல்களின் காலமும்கூட. அதிகம் இன்ஷூரன்ஸ் போட்டு, அதிகம் சரக்கேற்றி, மூழ்கினாலும் லாபம் என்று முதலாளிகள் அனுப்பிய ஓட்டைக் கப்பல்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற எம்.பி. 1873-ல் இதை எதிர்த்துப் புத்தகம் போட்டு, நாடாளுமன்றத்தில் ரகளை செய்து, 1876-ல் சட்டம் கொண்டுவர வைத்தார். கப்பலின் வயிற்றில் ஒரு கோடு. சுமை ஏறிக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டால் கரையில் நிற்கிற சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்துவிடும். இன்றைக்கும் சென்னைத் துறைமுகத்தில் நிற்கிற சரக்குக் கப்பல்களில் பார்க்கலாம். முதலாளியின் மனசாட்சியை யாரும் நம்பவேண்டியதில்லை. தத்துவக்காரர்கள் யாரும் இதைத் தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்கலாம்.

கிளிஃபோர்டையும் அப்படியே விழுங்க முடியாது. போதிய சாட்சியம் இல்லாமல் எதை நம்பினாலும், யார் நம்பினாலும், எங்கே எப்போது நம்பினாலும் தப்பு என்று ஒரே வீச்சாக வீசிவிடுகிறார். அப்படிப் பார்த்தால் காலையில் ஹோட்டலில் இட்லி சாப்பிட முடியாது. மாவு எப்போது அரைத்தது என்று நான் கிரைண்டரைப் பார்த்தேனா? நியாயமாகச் சொன்னால், பிறர் வார்த்தையை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்று அதே கட்டுரையின் பின்பகுதிகளில் நிதானமாகப் பேசுகிறார். எடுத்துக் காட்டுகிறவர்கள் முதல் பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வீச்சு அவ்வளவு கவர்ச்சி.

வீச்சுக்கு எதிர்வீச்சு 1896-ல் வந்தது. அமெரிக்க உளவியல் மேதை வில்லியம் ஜேம்ஸ், 'நம்பும் விருப்பம்' என்ற உரையில் கிளிஃபோர்டைச் செல்லமாகக் கிள்ளினார். சில விஷயங்களில் சாட்சியம் வரும்வரை காத்திருந்தால் விஷயமே நடக்காது என்றார். ஒரு ரயில் நிறையப் பயணிகளை நாலைந்து திருடர்கள் கொள்ளையடிப்பது எப்படி? நாம் எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள் என்ற நம்பிக்கை ஒருவருக்கும் இல்லை. அந்த நம்பிக்கை மட்டும் முதலில் இருந்தால் கொள்ளையே நடக்காது. இங்கே நம்பிக்கைதான் உண்மையை உண்டாக்குகிறது. நல்ல வாதம். ராத்திரி ஷேர் ஆட்டோவில் போகிறவர்களுக்குப் புரியும்.

அதே 1896-ல் இங்கிலாந்தில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அதைத் தத்துவப் புத்தகத்தில் தேடாதீர்கள், பி.காம். ஆடிட்டிங் புத்தகத்தில் இருக்கும். கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. மானேஜர் வருஷக்கணக்காகப் பஞ்சு, நூல் இருப்பைக் கூட்டிக் காட்டினார். ஆடிட்டர்கள் அவர் கையெழுத்துப் போட்ட சர்டிஃபிகேட்டை அப்படியே நம்பினார்கள். நீதிபதி லோப்ஸ், ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல. சந்தேகம் எழாதவரை கம்பெனியின் நம்பகமான ஊழியரை நம்பலாம் என்று சொல்லி விட்டுவிட்டார். நாங்கள் மூன்று மார்க்குக்காக இதை உருப்போட்டோம். கிளிஃபோர்ட் அந்த பெஞ்சில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. (அவர் 1879-லேயே, 33 வயதில், காசநோயில் போய்விட்டார்.)

பிறகு 2009 ஜனவரி 7. 'சத்யம்' ராமலிங்க ராஜுவின் கடிதம். கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அதற்கு முந்தின செப்டம்பரில்தான் நல்ல நிர்வாகத்துக்கென்று அந்தக் கம்பெனிக்குத் தங்க மயில் விருது கொடுத்திருந்தார்கள். ஆடிட் செய்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ். வங்கி இருப்பை வங்கியிடமே நேரடியாகக் கேட்டு வாங்கவேண்டும் என்பது முதல் பாடம். கேட்டு வாங்கும் அந்த வேலையையே கம்பெனி நிர்வாகத்தின் கையில் விட்டுவிட்டார்கள் என்று 2011-ல் அமெரிக்காவின் எஸ்.இ.சி. சொன்னது, 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2015-ல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது; ஆடிட்டர்கள் இருவரும் அதில் அடக்கம்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கிளிஃபோர்ட் - ஜேம்ஸ் சண்டையில் ஒரு வெளிச்சம் கிடைத்தது. ஜேம்ஸின் பயணி எழுந்து நின்றால் முதல் அடி அவனுக்குத்தான். கிளிஃபோர்டின் கப்பல்காரன் கப்பலில் ஏறவே இல்லை! கரையில் நிற்கிறான். ஆடிட்டரும் கரையில் நிற்கிறவர். பங்கு வாங்கிய ரிடையர்ட் வாத்தியார் நடுக்கடலில். என் உயிரை, என் பணத்தை வைத்து நான் நம்புவது என் பாடு. அங்கே ஜேம்ஸ் சொல்வது சரி. ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து 'என் பிள்ளை பிழைச்சிருவான்' என்று நம்புகிற அம்மாவிடம் கிளிஃபோர்டை எடுத்துக்கொண்டு போகிறவனை உதைக்கவேண்டும். ஆனால் நான் தவறினால் அடி வேறொருவருக்கு என்றால், அங்கே கிளிஃபோர்ட் ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்தாலும் தப்பு. இருவருமே இந்த வித்தியாசத்தைப் பட்டவர்த்தனமாகச் சொல்லவில்லை. இருவர் உதாரணங்களிலும் அது ஒளிந்திருக்கிறது. உதாரணங்கள் சில சமயம் எழுதுகிறவரைவிடப் புத்திசாலிகள்.

'எவ்வளவு விசாரித்தால் போதும்?' என்று நீங்கள் கேட்கலாம். அளவுகோல் என்னிடம் இல்லை. என் விஷயத்தில் பதில் சுலபம். அரசு ஆஸ்பத்திரியின் நம்பர் என் டைரியில் இருந்தது. ஒரு கால். பண்ணவில்லை.

அந்த ஏழு அச்சாகி வந்த காலையில், அதே பஸ்ஸில் ஊருக்கு வந்துகொண்டிருந்தவர்களின் வீடுகளில் பேப்பரைப் பிரித்து என்ன கணக்குப் போட்டிருப்பார்கள்? வந்தவர் வீட்டில் போட்டிருக்கிறார்கள். "டீக்கடையில ஏழுன்னு சொல்லிட்டாங்க, பேப்பர்லயும் ஏழுன்னு வந்திருச்சுன்னு எங்கம்மா முடிவே பண்ணிட்டாங்க சார். பதினோரு மணிக்குத்தான் நான் போன் பண்ணேன்" என்றார். சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு, ஆபீஸ் பையன் கொடுத்த டீயைப் பாதி குடித்தார்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "அந்த டீக்கடைக்காரர் பேரு என்ன சார்? ஊருக்குப் போறப்போ எறங்கி, நான் இருக்கேன்னு சொல்லிட்டுப் போலாம்னு. பாவம், அவரும் செத்துட்டேன்னுதானே நெனச்சிட்டிருப்பாரு?"

எனக்குத் தெரியவில்லை. பெயரை நான் கேட்கவே இல்லை.